ஆளுக்கு நூறு வாட்

ஊருக்கு வந்தபோதெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒருவரும் நம்பவில்லை. சவூதியில் நான் பார்த்த வேலைகளில் ஒன்று, வீடுகளுக்கு எவ்வளவு ஹீட்டர் வேண்டும் என்று கணக்குப் போடுவது. "பாலைவனத்துல ஹீட்டரா? மாப்ள, காதுல பூ சுத்துறதுக்கும் ஒரு அளவு இருக்கு" என்றார் என் மைத்துனர். நான் வாதாடவில்லை. நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும், நடந்ததை எழுதி வைக்கிறேன். இதில் பெரிய தப்பு ஒன்று நான் செய்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தப்பைத் தப்பு என்று காகிதத்தில் எழுதியதற்காகத்தான் எனக்கு வேலை போனது. இன்னொரு முறை எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் நான் ரியாத்தில் இருந்தேன். பத்தா என்ற கடைத்தெருப் பகுதியில் ஒரு செல்போன் கடைக்கு மேலே நாலு பேர் ரூம். பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் ஆபீஸ். கட்டடங்களுக்கு ஏசி போட்டுக் கொடுக்கும் கான்ட்ராக்ட் கம்பெனி அது. டிப்ளமோ படித்துவிட்டு டிராஃப்ட்ஸ்மேனாகப் போனவன், கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்குப் போடும் மேஜைக்கு நகர்ந்திருந்தேன். என் மேலதிகாரி சென்னைக்காரர், டிசைன் சீஃப். கெட்டிக்காரர். கோபம் வந்தால் குரலை உயர்த்தமாட்டார், தாழ்த்துவார். அதுதான் பயமாக இருக்கும்.

ஏசி கணக்கு என்பது கூட்டல் கணக்கு. வெயில் சுவர் வழியாக எவ்வளவு உள்ளே வருகிறது, கூரை வழியாக எவ்வளவு, கண்ணாடி வழியாக எவ்வளவு, கதவு இடுக்கில் நுழையும் காற்று கொண்டுவருவது எவ்வளவு என்று வரிசையாக எழுதவேண்டும். பிறகு உள்ளே எரியும் விளக்குகள், ஓடும் ஃபிரிட்ஜ். கடைசியில் ஆட்கள். மனித உடம்பும் ஒரு சின்ன அடுப்புதான். சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஆளுக்குச் சுமார் நூறு வாட் சூடு வரும் என்று நாங்கள் வைத்துக்கொள்வோம். கல்யாண மண்டபத்துக்குக் கணக்குப் போட்டால் சுவரைவிடக் கூட்டம்தான் அதிகம் சுடும். எல்லாவற்றையும் கூட்டினால் எவ்வளவு பெரிய ஏசி வேண்டும் என்று தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் இதற்கென்று ஒரு ஷீட் வைத்திருந்தோம். அளவுகளைத் தட்டினால் கீழே விடை வரும். வருஷம் முழுக்க அந்த ஒரு ஷீட்டில்தான் எங்கள் பிழைப்பு ஓடியது.

அப்போதுதான் வடக்கே, ஜோர்டான் எல்லைப் பக்கம் ஒரு வேலை வந்தது. நீரேற்று நிலையம் ஒன்று கட்டுகிறார்கள். இன்ஜினியர்களுக்கு இருபது வில்லா, தொழிலாளர்களுக்கு நாற்பது கேபின், எல்லாவற்றுக்கும் ஏசி எங்கள் பொறுப்பு. அந்தப் பக்கம் மேட்டு நிலம். டிசம்பர், ஜனவரியில் குழாய்த் தண்ணீர் உறைந்துபோகும். அதனால் ஹீட்டர் கணக்கும் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். எங்கள் ஆபீஸில் ஒருவரும் அதுவரை ஹீட்டர் கணக்குப் போட்டதில்லை. தெற்கத்திச் சீமைக்காரன் நான் ஒருவன், மலையாளிகள் மூன்று பேர், பாகிஸ்தானி ஒருவர். குளிர் என்றால் எங்களில் பலருக்கும் ஊட்டிக்குப் போன கல்லூரிச் சுற்றுலாதான்.

அந்தக் கணக்குக்கான விதிகள் ஒரு தடித்த புத்தகத்தில் இருந்தன. புத்தகம் சீஃபின் அலமாரிக்குள், சாவி சீஃபின் மேஜைக்குள். போய்க் கேட்டால் கொடுத்திருப்பார். ஆனால் கேட்பதற்கு எனக்கு மனசு வரவில்லை. தெரியாது என்று காட்டிக்கொள்ள வேண்டுமே. ஏசி கணக்கைத் தலைகீழாகத் திருப்பினால் ஹீட்டர் கணக்கு, இதற்கு எதற்குப் புத்தகம் என்று நினைத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து ஷீட்டைத் திருப்பிப் போட்டேன். வெளியே இருந்து உள்ளே வந்த சூட்டை உள்ளே இருந்து வெளியே அனுப்பினேன். சுவர் வழியாக இவ்வளவு போகிறது, கூரை வழியாக இவ்வளவு, இடுக்கு வழியாக இவ்வளவு. அதுவரை சரி. விளக்கும் ஆளும் வந்த வரியில், ஏசி கணக்கில் கூட்டல் இருந்த இடத்தில் கழித்தல் குறியைப் போட்டேன். உள்ளே இருப்பவர்களே சூடு தருகிறார்கள் அல்லவா, அந்த அளவுக்கு ஹீட்டர் வேண்டாமே. எனக்கு என் மூளையை நினைத்துப் பெருமையாகவே இருந்தது.

வில்லாவில் நாலு பேர். அகலமான ஹால், பெரிய ஜன்னல்கள். நாலு பேரின் சூடு அங்கே கடலில் கரைத்த பெருங்காயம். ஹீட்டர் வேண்டும் என்றே விடை வந்தது. கேபினில் பன்னிரண்டு பேர். ஆறு இரட்டையடுக்குக் கட்டில்களைப் போட்டால் நடக்க ஒரு சந்து மிஞ்சும், அவ்வளவுதான் இடம். தொழிலாளர்களுக்குக் கொஞ்சம் குறைந்த சூடு போதும் என்று கம்பெனி ஒரு அளவு வைத்திருந்தது, அதையும் போட்டேன். பன்னிரண்டு பேரின் சூடு, விளக்கு, ஃபிரிட்ஜ் எல்லாம் கழித்ததும் கீழே ஏறக்குறைய பூஜ்ஜியம் வந்தது. நாற்பது வரிகளிலும் 'ஹீட்டர் தேவையில்லை' என்று அடித்து, தயாரித்தவர் என்ற கட்டத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

சீஃப் அதைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஹீட்டர் மட்டுமா, அதற்கான கேபிள், கூடுதல் ஜெனரேட்டர் எல்லாம் மிச்சம். அன்று மத்தியானம் எனக்கு மட்டன் மந்திச் சோறு வாங்கிக் கொடுத்தார். கன்சல்டன்ட் ஆபீஸ், அதாவது எங்கள் கணக்கைச் சரிபார்க்கும் ஆபீஸ், ஒரு வாரத்தில் ஒப்புதல் முத்திரை குத்தி அனுப்பிவிட்டது. நான் அதை மறந்தும் போனேன்.

அடுத்த ஜனவரியில் வில்லாக்களின் ஹீட்டர் குழாய்களை அளந்துவர என்னை சைட்டுக்கு அனுப்பினார்கள். பத்தாவில் பழைய துணிக்கடையில் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கி மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வியாழக்கிழமை சாயங்காலம் போய் இறங்கியபோது காது இரண்டும் என்னுடையதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. வில்லாக்களில் இடமில்லை, கேம்பில் படுத்துக்கொள் என்றார்கள். தமிழர்கள் இருக்கும் கேபின் ஒன்றைக் காட்டினார்கள்.

அந்த கேபினுக்குப் பெரியவர், கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டும் ஆட்களின் ஃபோர்மேன். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். ஆபீஸிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு கீழ்க்கட்டிலை ஒதுக்கிக் கொடுத்தார். அது யாருடையது என்று கேட்டேன். நைட் டூட்டிக்காரன் கட்டில், காலையில்தான் வருவான் என்றார். பன்னிரண்டு பேரில் ஏழு பேர் நைட் டூட்டி. அன்று அங்கே படுத்தவர்கள் என்னைச் சேர்த்து ஆறு பேர். என் ஷீட்டில் இருந்த பன்னிரண்டு அடுப்புகளில் ஏழு, இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தன. இது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. இருக்கிற சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு, நாலு கம்பளிக்குள் சுருண்டேன். கதவு இடுக்கு, ஜன்னல் ஓரம், ஏசி மாட்டிய ஓட்டை என்று ஒன்று விடாமல் சிமெண்ட் பை காகிதத்தை மடித்துச் செருகி, மேலே பிரவுன் டேப் ஒட்டியிருந்தார்கள். நல்ல வேலை என்று மனசுக்குள் பாராட்டினேன்.

மறுநாள் வெள்ளி, விடுமுறை. ஆறு மணிக்கு எழுந்து கழிப்பறைக்குப் போனேன். வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி ஏடு கட்டியிருந்தது. வெயில் வரட்டும் என்று மெஸ்ஸில் ஒரு டீயைக் குடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். திரும்பி வந்து கேபின் கதவைத் திறந்தபோது முகத்தில் வெதுவெதுப்பாக ஒரு கனத்த காற்று அடித்தது. நடுச்சந்தில், வெட்டிய பெயின்ட் டின்னுக்குள் கரி சிவந்து கிடந்தது. விடியற்காலைக் குளிருக்குக் கரியை வெளியே புகை அடங்கும்வரை எரித்துவிட்டு, தணலை மட்டும் உள்ளே கொண்டுவருவதுதான் அவர்கள் வழக்கம். புகை இல்லை, அதனால் ஆபத்து இல்லை என்று நம்பினார்கள். மேல்கட்டிலில் இருந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் இறங்கப் பார்த்து, காலை ஊன்ற முடியாமல் அப்படியே சரிந்து வாந்தி எடுத்தார்.

இடுக்கு வழியாக ஒரு மணி நேரத்தில் எவ்வளவு காற்று மாறும் என்று ஷீட்டில் ஒரு வரி உண்டு. அந்தக் காற்றையும் டேப் ஒட்டி நிறுத்திவிட்டு, நடுவில் கரியை வைத்திருக்கிறார்கள். கரி விடும் வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. டின்னை வெளியே இழுத்துப் போட்டேன். எலக்ட்ரீஷியனை அக்குளில் கைகொடுத்து வாசலுக்குத் தூக்கி வந்தேன். மற்றவர்களையும் எழுப்பித் தள்ளினேன். பிறகு உள்ளே போய், ஜன்னல் டேப்பைப் பர்ரென்று கிழிக்க ஆரம்பித்தேன்.

கம்பி ஃபோர்மேன் என் கையைப் பிடித்தார். தலைவலியில் அவர் கண் சிவந்திருந்தது. "சார், அதைப் பிக்காதீக. ரெண்டு நாள் லீவு போட்டு ஒட்டுனது. நீங்க ஒரு ராத்திரி இருந்துட்டு ரியாத் போயிருவீக."

நான் கரியைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். அவருக்கும் அரைகுறையாகத் தெரிந்துதான் இருந்தது. எலக்ட்ரீஷியன் வாசற்படியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் ரத்தம் வந்தது. கேம்ப் கம்பவுண்டர் வந்து பார்த்து, கிளினிக்குக்கு வண்டியில் ஏற்றி அனுப்பினார். வண்டி போன பிறகு ஃபோர்மேன் கேட்டார். இன்ஜினியர் வீட்டுக்கெல்லாம் ஹீட்டர் வந்ததே, எங்களுக்கு ஏன் வரவில்லை, யார் வேண்டாம் என்று சொன்னது என்று.

அங்கே நான் பொய் சொல்லியிருக்கலாம். கம்பெனி என்று சொல்லியிருந்தால் போதும், நம்பியிருப்பார்.

"நான்தாண்ணே" என்றேன். "பன்னெண்டு பேரு உள்ள இருக்கீங்க, உங்க உடம்புச் சூடே போதும்னு கணக்குல கழிச்சுட்டேன். ஆளுக்கு நூறு வாட்டு."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கேபினுக்குள் இருந்த கட்டில்களை ஒருமுறை பார்த்தார்.

"அப்ப நாங்க என்ன தம்பி, அடுப்பா?" என்றார்.

சார் போய் தம்பி வந்ததை நான் கவனித்தேன். கரியைத் தொடக்கூடாது, பதினைந்து நாளில் ஹீட்டர் வரும் என்று சொன்னேன். எந்த அதிகாரத்தில் சொன்னேன் என்று கேட்காதீர்கள். ஒரு அதிகாரமும் இல்லை. அவர் டின்னைக் காலால் நசுக்கிக் குப்பையில் போட்டார். நான் ஒன்று கேட்டேன். தினமும் காலை எல்லோரும் எழுந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒரு ரிங் அடித்து நிறுத்தினால் போதும், காசு ஆகாது. ஊருக்குச் சம்பளம் அனுப்பியாயிற்று, பஸ் ஏறியாயிற்று, சாப்பிட்டாயிற்று என்று எல்லாவற்றையும் மிஸ்டு காலிலேயே பேசிக்கொள்ளும் ஜனம் நாங்கள். சரி என்றார்.

ரியாத்துக்கு வந்து முதல் வேலையாக அலமாரிச் சாவியைக் கேட்டு வாங்கினேன். புத்தகத்தில் ஹீட்டர் கணக்குப் பகுதியை நின்றபடியே படித்தேன். சுவர், கூரை, இடுக்கு எல்லாம் நான் போட்ட மாதிரியேதான். ஆட்களும் விளக்கும் தரும் சூட்டைக் கணக்கில் கழிக்கக்கூடாது என்று அதற்குப் பிறகு சொல்லியிருந்தது. காரணம் எளிமையானது. அதிகக் குளிரான அந்த நேரத்தில் விளக்கு அணைந்திருக்கலாம், ஆள் இல்லாமல் இருக்கலாம். வீட்டில் ஒரே ஒருவன் படுத்திருந்தாலும் அவனுக்கு முழுச் சூடு வேண்டும். குளிர்நாட்டில் இதை முதல் பாடமாகச் சொல்லிக் கொடுப்பார்களாம். ஏசியிலேயே பிறந்து வளர்ந்த எங்களைப் போன்ற ஆபீஸ்தான் ஆளைக் கழிக்கும். இரண்டு நிமிஷம் படித்திருந்தால் போதும். அந்த இரண்டு நிமிஷத்துக்கு என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

சீஃபிடம் புத்தகத்தைத் திறந்தபடியே கொண்டுபோய்க் காட்டினேன். எலக்ட்ரீஷியனைப் பற்றியும் சொன்னேன். அவர் பக்கத்தைப் படித்தார், மூடினார். வாங்க வேண்டியதெல்லாம் வாங்கி, கேபின் கணக்கை முடித்து, கன்சல்டன்ட்டும் ஒப்புக்கொண்ட விஷயம், இனி கிளறினால் கம்பெனி தலையில்தான் விழும் என்றார். உடம்புச் சூடு என்பது பிசிக்ஸ்தானே, பொய்யா என்றும் கேட்டார். பொய்யில்லை, ஆள் இருந்தால்தான் அது உண்மை, ஆள் நைட் டூட்டியில் இருக்கிறான் என்றேன். கரி கொளுத்தக்கூடாது என்று கேம்பில் நோட்டீஸ் ஒட்டச் சொல்கிறேன், கலாஸ், இதோடு முடிந்தது, போய் வேலையைப் பார் என்றார்.

நான் நகரவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பேசுய்யா. ஷீட்டுல தயாரிச்சவன்னு யார் கையெழுத்து இருக்கு?"

"என் கையெழுத்துதான் சார். அதனாலதான் நான் திருத்தணும்ங்கறேன்."

வெளியே போகச் சொல்லிக் கதவைக் காட்டினார்.

பயப்படவில்லை என்று எழுதினால் அது பொய். என் இக்காமா, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி, கம்பெனியின் கையில், பாஸ்போர்ட் கம்பெனியின் பெட்டகத்தில். எனக்குப் பொறுப்பேற்றிருந்த முதலாளியான கஃபீல் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் நான் மூட்டை கட்ட வேண்டும். ஊரில் தங்கைக்கு அப்போதுதான் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். நாலு நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். நாலு நாளும் காலை ஐந்து மணிக்கு ஒரு ரிங் வந்தது. படுத்தபடியே கேட்டுவிட்டு மறுபடி தூங்கிவிடுவேன்.

ஐந்தாம் நாள் ரிங் வரவில்லை. ஐந்தரை ஆயிற்று, ஆறு ஆயிற்று. நான் அழைத்தேன், போன் அணைந்திருக்கிறது என்று அரபியில் ஒரு பெண் சொன்னாள். ரூம்காரர்கள் டூட்டிக்குக் கிளம்பிப் போனார்கள். நான் லுங்கியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அந்த டின் மறுபடி குப்பையிலிருந்து எழுந்து வந்து சந்தில் உட்கார்ந்திருப்பதுபோலவே கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளே படுத்திருந்தவர்களின் வீடுகளுக்கு என் வாயால் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். ஏழே முக்காலுக்கு ரிங் அடித்தது. நிறுத்துவதற்குள் எடுத்துவிட்டேன். சார்ஜ் போய்விட்டது தம்பி, இப்போதுதான் சைட்டில் செருகினேன், எல்லாரும் எழுந்தாச்சு என்றார். பல் கிட்டிக்கொள்வது போனிலேயே கேட்டது. வைத்தவுடன் எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது. பயம் அந்தக் கோபத்தில்தான் போனது.

அன்றே ஷீட்டைத் திருத்தினேன். ஆட்கள் வரியை அழித்தேன், விளக்கு வரியை அழித்தேன். கேபினுக்கும் வில்லாவுக்கும் ஒரே சூடு போட்டேன். நாற்பது வரியிலும் ஹீட்டர் வேண்டும் என்று வந்தது. திருத்தும் ஒவ்வொரு காகிதத்திலும் காரணம் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் எல்லோரும் எழுதுவது 'ஜெனரல் ரிவிஷன்'. கூரையே தவறாகப் போட்டிருந்தாலும் ஜெனரல் ரிவிஷன்தான். எந்த ஆபீஸிலும் அந்தக் கட்டத்தில் 'தப்பு' என்று எழுதி நான் பார்த்ததில்லை. நான் எழுதினேன். ஆட்களை ஹீட்டராகக் கணக்கிட்டது பிழை, பிழை என்னுடையது என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சீஃப் கையெழுத்துக்கான அடுத்த கட்டம் காலியாக இருந்தது.

வாரந்தோறும் கன்சல்டன்ட் ஆபீஸுக்குக் காகிதம் கொண்டுபோவது நான்தான். அங்கே எங்கள் கணக்குகளைச் சரிபார்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், நரைத்த மீசை, அதிகம் பேசாதவர். கேம்பில் நடந்ததைச் சொல்லி, ஷீட்டைக் கையில் கொடுத்தேன். காரணக் கட்டத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். சீஃபின் கையெழுத்து இல்லாமல் இதை வாங்கிக்கொள்ள முடியாது என்று மெதுவாகச் சொன்னார். எனக்குத் தெரியும் என்றேன். பழைய ஷீட்டை ஃபைலிலிருந்து எடுத்தார். ஒப்புதல் முத்திரைக்குக் கீழே அவருடைய கையெழுத்து இருந்தது. அவரும் அந்த வரியைப் பார்க்காமல் முத்திரை குத்தியிருக்கிறார். இதை இழுத்தால் அவருக்கும் கேள்வி வரும். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

"அந்த மயங்கி விழுந்த ஆள் இப்ப எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டார். டூட்டிக்குப் போகிறார், தலைவலி விடவில்லை என்றேன்.

"தம்பி, உங்கட புதுத் தாளை நான் வாங்க ஏலாது" என்றார். "ஆனா நான் குடுத்த ஒப்புதலை நான் திருப்பி எடுக்கிறதுக்கு ஒருத்தற்ற கையெழுத்தும் தேவையில்லை."

பழைய ஷீட்டில் தன் முத்திரையின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். ஒப்புதல் ரத்து, விதிப்படி மறுபடி கணக்கிட்டு அனுப்பவும், கேபின்களில் ஹீட்டர் பொருத்தும்வரை பில் நிறுத்தி வைக்கப்படும் என்று கீழே எழுதினார். சரிபார்த்ததில் தன்னுடைய தவறும் உண்டு என்று ஒரு வரியைச் சேர்த்தார். அதைச் சேர்க்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. நகல் எடுத்து என் கையில் கொடுக்கும்போது டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நேரமாகிவிட்டது என்று மறுத்துவிட்டேன். இன்றைக்கும் அந்த டீயைக் குடித்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

பில் நின்றதும் கம்பெனிக்கு வேகம் வந்துவிட்டது. என் திருத்திய ஷீட்டில் சீஃப் மறுநாளே கையெழுத்துப் போட்டார். காரணக் கட்டத்தை மட்டும் ஜெனரல் ரிவிஷன் என்று மாற்றச் சொன்னார். மாற்றமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அவரே மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அப்புறம் தயாரித்தவர் கட்டத்தில் என் பெயர் இருக்காது என்றேன். பெயர் இல்லாத ஷீட்டைக் கன்சல்டன்ட் தொடமாட்டார். அப்படியே போனது. அதே வாரம் என் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று கடிதம் வந்தது. ஹீட்டர் வந்ததும் நீயே போய் மாட்டு, முடித்துவிட்டு ஊருக்குப் போ என்றார் சீஃப். தண்டனை என்று நினைத்துச் சொன்னார் போல.

பதினைந்து நாள் என்று சொன்னது இருபத்தாறு நாள் ஆனது. பதினாறாம் நாள் காலையில் ஒரு ரிங்குக்குப் பதிலாக இரண்டு ரிங் அடித்தது. கெடு முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு தினமும் இரண்டு ரிங்தான். ஆனால் அவர்கள் கரியைத் தொடவில்லை. கட்டிலுக்கு இரண்டு பேராகப் படுத்துக் காலத்தை ஓட்டினார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பிப்ரவரியில் ஒரு லாரி ஹீட்டரோடு நான் போய் இறங்கினேன். எலக்ட்ரீஷியனே வந்து என்னோடு வயர் இழுத்தார். நாற்பது கேபினும் முடிய ஒன்பது நாள். அவர்கள் கேபினைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். தெரிந்தவர்களுக்கு மட்டும் முதலில் செய்துவிட்டு ஓடிப்போய்விட்டேன் என்று மற்றவர்கள் சொல்லக்கூடாது பாருங்கள்.

சோதனை ஒரு வெள்ளிக்கிழமை காலையில். வாளியில் அன்றும் ஏடு கட்டியிருந்தது. ஏழு மணிக்குப் பன்னிரண்டு பேரையும் வெளியே வரச் சொன்னேன். நைட் டூட்டி முடித்து அப்போதுதான் வந்தவர்களையும் விடவில்லை. உள்ளே விளக்கை அணைத்தேன், ஃபிரிட்ஜைப் பிடுங்கினேன், ஹீட்டரை மட்டும் ஓடவிட்டு, தெர்மாமீட்டரை ஒரு கட்டில் கம்பியில் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஒரு மணி நேரம் யாரும் உள்ளே போகக்கூடாது என்றேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரிசையாக நின்று என்னைத் திட்டினார்கள். குளிரில் நிற்கவைக்கத்தான் ரியாத்திலிருந்து வந்தானா என்றார் ஒருவர். ஆள் இல்லாத ரூமைச் சூடாக்கி யாருக்கு ஆகப்போகிறது என்றார் இன்னொருவர். ஃபோர்மேன் மட்டும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எட்டு மணிக்கு அவரைத்தான் திறக்கச் சொன்னேன். திறந்தார். உள்ளே இருட்டு, கட்டில்கள் காலி. அவர் வாசற்படியில் நின்று கையை உள்ளே நீட்டிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நடுச்சந்துவரை நடந்தார், டின் இருந்த அதே இடத்துக்கு. தெர்மாமீட்டரை அவர் பார்க்கவில்லை. போர்த்தியிருந்த கம்பளியை எடுத்து மடித்துக் கட்டிலில் வைத்தார்.

"ஒருத்தரும் இல்லாமலே சூடா இருக்கு தம்பி" என்றார். "இனிமே நாங்க சும்மா படுத்தாப் போதும்."

நான் வாசலில் உட்கார்ந்து சோதனைக் காகிதத்தை நிரப்பினேன். அதில் சோதனையின்போது அறையில் இருந்த ஆட்கள் என்று ஒரு கட்டம் உண்டு. பூஜ்ஜியம் என்று எழுதினேன். பன்னிரண்டு பேரும் என்னைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.